குறியும் உதைப்பும்: தாழ் ரைபிளின் வரலாற்றில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. அக்கோட்டையில் 1751ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள் பெஞ்சமின் இராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர் காய்ச்சலால் உயிர் நீத்தார். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707இல் பிறந்த இவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக அமர்ந்து, கோட்டைகளைச் செப்பனிடும் பொருட்டு 1750இல் இந்நாட்டிற்கு வந்தவர். வந்த மறு ஆண்டே மறைந்தார். துப்பாக்கிக் குண்டு ஏன் குறி தப்புகின்றது என்னும் வினாவை அளவைக் கருவி கொண்டு முறையாக ஆராய்ந்த முன்னோடி இவரே என்பது தமிழ்நாட்டில் பலரும் அறியாத செய்தி.

இராபின்ஸ் எழுப்பிய வினா அவருடன் மறையவில்லை. அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்து உருவான தாழ் ரைபிளில்தான் அது முழு வடிவம் பெற்றது. அக்கருவியைக் கையாண்டோர் இரண்டு குறைகளைப் பற்றி இடைவிடாது பேசி வந்துள்ளனர். ஒன்று, குண்டு குறியில் படாமை. மற்றொன்று, சுடுங்கால் துப்பாக்கி தோளைத் தாக்கும் பின்னுதைப்பு. இவ்விரண்டும் வெவ்வேறு குறைகள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. முன்னையது கருவியின் குறை எனவும், பின்னையது உடலின் குறை எனவும் கொண்டனர். ஆற்றல் மிக்க துப்பாக்கி உதைக்கவே செய்யும், ஆண்மை உடையோர் அதனைத் தாங்குவர் என்பது அக்காலத்தார் எண்ணம்.

இவ்விரண்டும் ஒரே சிக்கலின் இரு முகங்கள் என்பதும், அதனை உணராமையால் நேர்ந்த கேடு வேட்டைக்காரனின் தோளோடு நில்லாது விலங்கின் உடலிலும் ஊராரின் உயிரிலும் முடிந்தது என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்துகள்.

2. சொற்பொருள்

ஆய்வினுள் புகுமுன் சில சொற்களின் பொருளை வரையறுத்துக் கொள்வது நலம். 'துப்பாக்கி' என்னும் சொல் துருக்கிய மூலத்தினின்றும் வந்து தமிழில் நிலைபெற்றது. கருவி புதிதாக வந்தமையின் பெயரும் உடன் வந்தது. ஆயின் அதன் உறுப்புகளுக்குத் தமிழர் தம் வழக்கிலிருந்த சொற்களையே சூட்டினர். குழல், கட்டை, குதிரை, விசை, மருந்து, குண்டு ஆகியன அத்தகையன.

குழலின் உட்புறத்தே திருகுசுருளாக வெட்டப்படும் பள்ளங்களை ஈண்டுப் 'புரி' என்போம். புரி வெட்டிய குழலை உடையது ரைபிள். 'போல்ட்' என ஆங்கிலேயர் கூறும் உறுப்பு, கதவின் தாழ்ப்பாள் போலவே முன்தள்ளித் திருப்பிப் பூட்டப்படுவது. ஆதலின் அதனைத் 'தாழ்' எனவும், அவ்வமைப்புடைய ரைபிளைத் 'தாழ் ரைபிள்' எனவும் வழங்குவோம். குண்டு முன் செல்லுங்கால் துப்பாக்கி பின் செல்லும் இயக்கமே 'பின்னுதைப்பு'. சுருக்கம் கருதி 'உதைப்பு' எனவும் கூறுவோம்.

3. இராபின்ஸ் கண்ட உண்மைகள்

1742இல் இராபின்ஸ் பீரங்கிக் கலை பற்றிய தம் நூலை வெளியிட்டார். தொங்கவிட்ட மரப்பலகையில் குண்டினைப் பாய்ச்சி, அப்பலகை எத்துணைத் தொலைவு ஊசலாடுகின்றது என்பதைக் கொண்டு குண்டின் விரைவைக் கணக்கிடும் முறையை அந்நூலில் அவர் விளக்கினார். அதனால் காற்றின் தடை முன்னோர் எண்ணியதினும் பன்மடங்கு பெரிது என்பது புலனாயிற்று. கணித மேதை ஆய்லர் 1745இல் அந்நூலைச் செருமன் மொழியில் பெயர்த்து விரிவான குறிப்புகள் எழுதினார் என்பதிலிருந்தே அதன் பெருமை விளங்கும்.

நம் ஆய்வுக்கு இன்றியமையாதது அவருடைய வேறொரு சோதனை. புரியில்லாத குழலின் முனையை இடப்புறம் சற்றே வளைத்து அவர் சுட்டார். குண்டு முதலில் இடப்புறம் சென்று, பின்னர் வலப்புறமாகத் திரும்பிற்று. குழலின் உட்சுவரில் உராய்ந்து குண்டு சுழல்வதும், அச்சுழற்சியால் காற்றில் அதன் நெறி வளைவதுமே இதற்குக் காரணம் என அவர் தெளிந்தார். புரியற்ற குழலில் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வகையாகச் சுழலும். ஆதலின் குறியும் ஒவ்வொரு முறையும் பிறழும். புரிக்குழலோ குண்டினை அதன் செல்நெறியையே அச்சாகக் கொண்டு சுழலச் செய்வது. செருமானிய நாடுகளின் வேட்டைக்காரர் இத்தகைய குழல்களை இரு நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே கையாண்டு வந்தனர். அவர்கள் பட்டறிவால் அறிந்ததற்கு இராபின்ஸ் காரணம் கண்டார். புரிக்குழலின் பயனை முற்ற உணர்ந்து ஏற்கும் அரசு போர்க்களத்தில் மேலோங்கும் என 1747இலேயே அவர் முன்னுரைத்தார்.

உதைப்பு பற்றிய அறிவோ இதனினும் பழையது. ஒவ்வோர் உந்தலுக்கும் நிகரான எதிருந்தல் உண்டு என்னும் விதியை நியூட்டன் 1687இல் வெளியிட்டிருந்தார். பின்னாளில் ரம்ஃபோர்ட் பிரபு எனப்பட்ட பெஞ்சமின் தாம்சன், இராபின்ஸின் முறையைத் திருப்பிப் போட்டார். பலகைக்கு மாறாகத் துப்பாக்கியையே தொங்கவிட்டு, அது பின்னோக்கி ஆடும் அளவைக் கொண்டு குண்டின் விரைவை அறிய முற்பட்டார். 1781இல் வெளிவந்தது அவ்வாய்வு. குண்டின் வலிமையும் உதைப்பின் வலிமையும் ஒன்றையொன்று காட்டும் அளவுகோல்கள் என்பது இதனால் தெளிவாயிற்று. ஆயினும் இவ்வறிவு வேட்டைக்காடுகளைச் சென்று சேர நெடுங்காலம் ஆயிற்று.

4. பெருங்குண்டுகளின் காலம்

கருமருந்து மெல்ல எரிந்து மிகுந்த கசடினை விடுவது. அதனைக் கொண்டு குண்டின் விரைவை ஓர் எல்லைக்கு மேல் கூட்டுதல் இயலாது. ஆதலின் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யானை வேட்டையாடியோர் குண்டின் எடையைக் கூட்டினர். ஒரு பவுண்டு ஈயத்தில் நான்கு குண்டுகள் வார்க்கத்தக்க அளவினதாகிய 'நான்காம் எண்' குழல் அவர்களிடையே வழங்கிற்று. அத்தகைய குண்டு ஒன்றின் எடை ஏறத்தாழ 113 கிராம்.

இலங்கையில் நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர் இத்தகைய பெருந்துப்பாக்கியைக் கையாண்டவருள் ஒருவர். அவருக்காக 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பார் செய்தளித்த ரைபிளின் எடை 21 பவுண்டு, அஃதாவது ஒன்பதரை கிலோகிராம். இலங்கை வேட்டை பற்றிய அவரது நூல் 1854இல் வெளிவந்தது.

இத்தகைய கருவியின் உதைப்பை எளிய கணக்கால் அறியலாம். 113 கிராம் குண்டு விநாடிக்கு 400 மீட்டர் விரைவில் செல்வதாகக் கொள்வோம். மருந்தின் வாயுவைக் கணக்கில் கொள்ளாமல் விடினும், ஒன்பதரை கிலோகிராம் துப்பாக்கி விநாடிக்கு 4.8 மீட்டர் விரைவில் பின்வாங்கும். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 107 ஜூல். இக்கால வேட்டை ரைபிள் ஒன்றின் உதைப்பு, பின்னர்க் காட்டப்படுமாறு, 20 ஜூலுக்கும் குறைவு. ஐந்து மடங்கிற்கும் மேற்பட்ட உதையைப் பேக்கரின் காலத்தார் தோளில் ஏற்றனர்.

இதன் விளைவு யாது? ஆப்பிரிக்க வேட்டையில் பெயர் பெற்ற பிரெடரிக் செலூஸ் 1870களில் நான்காம் எண் துப்பாக்கிகளைக் கையாண்டார். அவற்றின் உதைப்பு தம் நரம்புகளைக் கலக்கிவிட்டது எனவும், அக்கலக்கம் பின்னாளில் எளிய துப்பாக்கிகளால் சுடும்போதும் தம்மை விட்டு நீங்கவில்லை எனவும் அவரே எழுதியுள்ளார். இச்சான்று பெரிதும் நோக்கத்தக்கது. செலூஸ் அஞ்சும் இயல்பினர் அல்லர். வலிமை குன்றியவரும் அல்லர். ஆயினும் அடி விழும் என்பதை உடல் முன்னரே அறிந்து, விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடித் தோளைச் சுருக்கும். மனம் விரும்பினாலும் உடல் கேளாது. அந்நொடிச் சுருக்கமே குறியைப் பிறழ்விக்கும். உதைப்பு குண்டு சென்ற பின் நேரும் துன்பம் மட்டும் அன்று. குண்டு செல்லுமுன்னரே சுடுவோனின் உடலுள் புகுந்து குறியைக் கெடுக்கும் காரணமும் அதுவே.

5. தாழ் ரைபிளின் தோற்றம்

பெருங்குண்டிலிருந்து விடுதலை இரு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று இயந்திர அமைப்பு, மற்றொன்று மருந்து.

பிரசிய நாட்டு நிக்கோலஸ் டிரைஸே ஆக்கிய ஊசித் துப்பாக்கியை அந்நாட்டுப் படை 1841இல் ஏற்றது. கதவுத் தாழ் போன்ற உறுப்பால் குழலின் பின்வாயை மூடும் முறை அதனால் பரவிற்று. செருமனியின் ஓபர்ன்டார்ஃப் ஊரினரான பால் மவுசர் அம்முறையைச் செப்பம் செய்தார். அவரும் அவர் தமையனாரும் ஆக்கிய ரைபிளைச் செருமானியப் படை 1871இல் கொண்டது.

1884இல் பிரெஞ்சு வேதியியலறிஞர் பால் வியேய் புகையற்ற மருந்தினைக் கண்டார். 1886இல் வெளிவந்த 8 மில்லிமீட்டர் லெபெல் ரைபிள் அம்மருந்தைப் பயன்படுத்திற்று. கருமருந்தினும் ஆற்றல் மிகுந்த இப்புதுமருந்தால், உலோக உறையிட்ட சிறு குண்டுகளை மிகு விரைவில் செலுத்துதல் இயன்றது. குண்டு சிறுத்தது, குழல் ஒடுங்கிற்று, உதைப்பும் குறைந்தது.

இவ்விரு மாற்றங்களும் முழுமையாகக் கூடிய கருவி 1898இல் செருமானியப் படை ஏற்ற மவுசர் ரைபிள். அதன் தாழின் முன்முனையில் இரு பூட்டுப் பற்கள் உள்ளன. பின்புறத்தே காப்பிற்காக மூன்றாம் பல் ஒன்றும் உண்டு. வெடிப்பின் அழுத்தத்தை முன்பற்கள் இரண்டும் குழலின் அருகிலேயே தாங்குகின்றன. தாழ் நெகிழ்தல் குறையவே, ஒவ்வொரு தோட்டாவும் ஒரே நிலையில் அமர்ந்து வெடிக்கும். குறி தப்பாமைக்கு ஒருமையே அடிப்படை ஆகும். ஒரே செயல் ஒரே வகையாக மீள மீள நிகழ்ந்தாலன்றிக் குண்டுகள் ஓரிடத்தில் படா.

இவ்வமைப்பில் அறிஞர் பலர் விரைந்து கடந்து செல்லும் உறுப்பு ஒன்றுண்டு. பூட்டறையின் அடியில், முன்புறத்தே, தடித்த எஃகுப் பல் ஒன்று கீழ்நோக்கி நீண்டு மரக்கட்டையினுள் பதிந்திருக்கும். உதைப்பின் முழு வலியையும் உலோகத்திலிருந்து மரத்திற்கு மாற்றுவது இவ்வுறுப்பே. இதனை 'உதைப்புப் பல்' எனலாம். குறியும் உதைப்பும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இது. இப்பல் மரத்தில் ஒரு சீராகப் படியின் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே நெறியில் பின்வாங்கும். ஒரு புறம் மட்டும் படியின் ஒவ்வொரு முறையும் சிறிதே திருகும். அத்திருகலே இலக்கில் பல விரற்கடைப் பிழையாக வளரும்.

மவுசர் ஆலை செய்த பூட்டுகளை இலண்டன் நகரத்து ரிக்பி முதலிய கம்மியர் வருவித்து, குழலும் கட்டையும் பொருத்தி, வேட்டை ரைபிள்களாக விற்றனர். 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவை ஆங்கிலேயர் '.275' எனப் பெயரிட்டு வழங்கினர். படைக்கலம் வேட்டைக்கலம் ஆகிய வரலாறு இது.

6. பெல் காட்டிய வழியும் அதன் எல்லையும்

இச்சிறு தோட்டாவின் ஆற்றலை உலகறியச் செய்தவர் ஸ்காட்லாந்தினரான வால்டர் பெல் (1880–1954). அவர் ஆப்பிரிக்காவில் தந்தத்தின் பொருட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றுள் மிகப் பலவற்றை 7 மில்லிமீட்டர் ரைபிளாலேயே வீழ்த்தினார். அத்தோட்டாவின் குண்டு 11 கிராம் அளவினது; பேக்கர் காலத்துக் குண்டில் பத்தில் ஒரு பங்கு. யானையின் தலையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை அமைந்த இடத்தை எத்திசையிலிருந்தும் கணிக்கக் கற்றமையே அவரது வெற்றிக்குக் காரணம். உதைப்புக் குறைந்தமையால் கை நடுங்கவில்லை. கை நடுங்காமையால் சிறு குண்டே போதுமானதாயிற்று.

பெல் கொன்ற யானைகளின் தொகையை நாம் பெருமையாகக் கூறவில்லை. தந்த வாணிகம் ஆப்பிரிக்க யானை இனத்திற்கு விளைத்த கேட்டில் அதுவும் ஒரு பங்கு. கருவியின் வரலாற்றுக்குச் சான்று என்னும் அளவிலேயே ஈண்டு அதனை எடுத்தாண்டோம்.

பெல்லின் முறைக்கு எல்லையும் உண்டு. அவருடைய உடற்கூற்றறிவும் நிதானமும் இல்லாதார் சிறு குண்டைக் கையாண்டால் பெருவிலங்கு காயமுற்று ஓடும். ஆதலின் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெருவிலங்குகளுக்கு .375 அளவினும் குறைந்த குழலைக் கையாளுதல் சட்டத்தால் விலக்கப்பட்டது. எனவே, சிறுகுண்டே எஞ்ஞான்றும் சிறந்தது என்னும் முடிபு பொருந்தாது. சுடுவோன் கலக்கமின்றித் தாங்கத்தக்க உதைப்புக்குள், விலங்கிற்குப் போதிய ஆற்றலைத் தேர்தலே முறை. பெல்லின் வரலாறு காட்டுவது இவ்விணக்கத்தையே ஆம்.

7. ஒன்றரை மில்லிமீட்டர்

இனி, உதைப்பு குறியைக் கெடுக்கும் முறையைக் கணக்கால் காண்போம். 4 கிலோகிராம் ரைபிள். 10 கிராம் குண்டு. 3 கிராம் மருந்து. குண்டின் விரைவு விநாடிக்கு 850 மீட்டர். இவை இக்கால வேட்டை ரைபிளுக்குப் பொதுவான அளவுகள். குழலினுள் குண்டு 55 சென்டிமீட்டர் செல்வதாகக் கொள்க. குண்டும், உடன் நகரும் வாயுவும் முன் செல்ல, அவற்றின் எடைக்கேற்பத் துப்பாக்கி பின் செல்லும். குண்டு குழல்வாயை விட்டு நீங்குமுன்னரே துப்பாக்கி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பின்வாங்கியிருக்கும்.

ஒன்றரை மில்லிமீட்டர் சிறிது எனத் தோன்றலாம். ஆயின் குழல் தோளுக்கு நேரே இல்லாமல் அதற்கு மேலே அமைந்திருப்பதால், துப்பாக்கி பின்வாங்குவதோடு வாய் மேல்நோக்கி எழவும் தொடங்குகின்றது. கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு பிறழ்ந்தால், 100 மீட்டர் தொலைவில் குண்டு 29 மில்லிமீட்டர் விலகும்; 300 மீட்டரில் விலகல் 87 மில்லிமீட்டர் ஆகும். கையின் பிடி, தோளின் அழுத்தம், கட்டை தாங்கும் இடம் ஆகியன ஒவ்வொரு முறையும் மாறினால் இவ்வெழுச்சியும் மாறும். ஆகவே, உதைப்பை ஒரு நெறிப்படுத்துதல் குறியை நேர்ப்படுத்துதலே ஆகும்.

இதனோடு குழலின் அதிர்வும் சேரும். செருமானிய அறிஞர் கார்ல் கிரான்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோக் என்பாருடன் கூடித் துப்பாக்கிக் குழலின் அதிர்வை ஆராய்ந்தார். வெடிப்பின் போது குழல் நரம்புக் கருவி போல் அதிர்கின்றது. குண்டு வெளிப்படும் கணத்தில் வாய் எத்திசை நோக்கியதோ அத்திசையிலேயே குண்டு செல்கின்றது. தடித்த குழல் குறைவாக அதிரும். அதிர்வு ஒரே சீராக நிகழின் அதனாலும் பெருங்கேடு இல்லை. ஒவ்வொரு முறையும் வேறுபடும் அதிர்வே கேடு.

அமெரிக்க மருத்துவர் பிராங்க்ளின் மான் பல்லாண்டுகள் தாமே சோதனை நிகழ்த்தி, 1909இல் தம் முடிபுகளை நூலாக்கினார். குண்டின் மூக்கு சிதைந்தாலும் குறி பெரிதும் கெடுவதில்லை. அடிப்புறம் சிதைந்தால் மிகவும் கெடும் என்பது அவர் காட்டிய உண்மைகளுள் ஒன்று. குண்டு வெளிப்படும் கணத்தில் அதன் பின்னே வாயு பீறிடுகின்றது. அடிப்புறமோ குழல்வாயின் விளிம்போ ஒரு பக்கம் சிதைந்திருந்தால் வாயு ஒரு பக்கமாக முந்திப் பாய்ந்து குண்டைச் சாய்க்கும். குழல்வாயின் விளிம்பைச் செவ்வட்டமாகத் திருத்துதல் குறியைச் சீர்படுத்தும் பணிகளுள் முதன்மையானது எனக் கம்மியர் கொள்வது இதனால்தான்.

8. கட்டையும் குழலும்

பழைய ரைபிள்களின் கட்டை வாதுமை இனத்து மரத்தால் ஆயது. மரம் உயிர் நீத்த பின்னும் ஈரத்தை உண்டு வீங்கும், வெயிலில் சுருங்கும். மழைக்காலத்தில் வீங்கிய கட்டை குழலை ஒரு புறம் தள்ளும். கோடையில் செம்மையாக இருந்த குறி மாரியில் பிறழ்வதற்குக் காரணம் இது. வேட்டைக்காரர் பலர் இதனைத் தம் கைப்பிழை எனக் கருதி வருந்தினர்.

இரு திருத்தங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பரவின. முதலாவது, குழல் கட்டையை எங்கும் தொடாதவாறு இடைவெளி விடுதல். தாள் ஒன்றைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே செருகி இழுத்து, அது தடையின்றிச் செல்கின்றதா என்று பார்ப்பர். இரண்டாவது, பூட்டறையும் உதைப்புப் பல்லும் படியும் இடத்தில் எபாக்ஸிப் பிசினை வார்த்தல். இறுகிய பிசின் உலோகத்தின் வடிவை அப்படியே ஏற்கும், ஈரத்தால் மாறாது. ஒவ்வொரு உதைப்புக்குப் பின்னும் உலோகம் தன் பழைய இடத்திற்கே மீளும். பூட்டறையைக் கட்டையோடு இணைக்கும் திருகாணிகளைச் சம அளவில் முடுக்குதலும் இதனோடு சேர்ந்ததே. பின்னர் மரத்திற்கு மாறாகக் கண்ணாடியிழைக் கட்டைகளும் வந்தன.

தொழிற்சாலைகளும் இவ்வழி சென்றன. 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ரெமிங்டன் 700 வகையில் பூட்டறை உருளை வடிவினது. ஆதலின் குழலோடு ஒரே அச்சில் கடைதல் எளிது. உதைப்புப் பல் குழலுக்கும் பூட்டறைக்கும் இடையே செருகிய தனித் தகடு. அதனை வகுத்தவருள் முதன்மையானவராகிய மைக் வாக்கர், மேசையில் தாங்கி வைத்துச் சுட்டுக் குறியின் செம்மையைப் போட்டியிட்டு அளக்கும் குழாத்தைச் சேர்ந்தவர். போட்டியாளர் கண்ட நுட்பம் வேட்டைக்காரர் கைக்கு வந்தமைக்கு இஃது ஒரு சான்று.

9. தோளைக் காத்தல்

உதைப்பைத் தணிக்கும் வழிகள் நான்கு வகைப்படும். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது எடை. மேற்கூறிய ரைபிளில் குழலை விட்டு வெளியேறும் வாயுவையும் சேர்த்துக் கணக்கிட்டால், உதைப்பின் ஆற்றல் 18 ஜூல் அளவில் அமையும். அதே தோட்டாவை 3 கிலோகிராம் ரைபிளில் சுட்டால் அது 24 ஜூல் ஆகும். ஆயின் மலையேறும் வேட்டைக்காரனுக்கு ஒவ்வொரு கிலோகிராமும் சுமை. தோளுக்கு நன்மையானது காலுக்குத் தீமையாகும்.

இரண்டாவது கட்டையின் வடிவம். அடிக்கட்டை தாழ்ந்து சரிந்திருப்பின் துப்பாக்கி மேலெழுந்து கன்னத்தைத் தாக்கும். நேராக இருப்பின் தோளை நேரே தள்ளும். கட்டையின் நீளம் சுடுவோனின் கைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். அடியில் பொருத்தும் ரப்பர்த் திண்டு உதைப்பின் மொத்த உந்தத்தைக் குறைப்பதில்லை. அது செயற்படும் நேரத்தை நீட்டித்துத் தாக்கத்தைத் தணிக்கின்றது.

மூன்றாவது வாயுவைத் திருப்பும் வழி. குழல்வாயில் துளைகளுடைய ஓர் உறையைப் பொருத்தி, முன்னோக்கிப் பாயும் வாயுவைப் பக்கங்களில் திருப்புவர். இம்முறை பீரங்கிகளிலிருந்து துப்பாக்கிக்கு வந்தது. நம் கணக்கின்படி, குண்டு வெளிப்பட்ட பின் வாயு தரும் உந்தலை நீக்கினாலே உதைப்பின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆயின் குண்டு வெளிப்படுமுன் நேரும் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ச்சியை இவ்வுறை மாற்றாது. அதன் நன்மை குண்டிற்கு நேரே அன்று; சுடுவோனின் அச்சத்தை நீக்கும் வழியாகவே குறிக்கு உதவுகின்றது. பக்கத்தே திரும்பும் பேரொலி செவியைக் கெடுக்கும் என்பது இதன் பெருங்குறை. ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் காப்புரிமை பெற்ற ஒலியடக்கி வாயுவை அறைகளில் தடுத்து மெல்ல விடுவது. அது ஒலியையும் உதைப்பையும் ஒருங்கே தணிக்கின்றது. வடஐரோப்பிய நாடுகளில் வேட்டைக்காரர் அதனைப் பெரிதும் கையாளுகின்றனர்.

நான்காவது பயிற்சி. வெடியற்ற போலித் தோட்டாக்களை மெய்த்தோட்டாக்களோடு கலந்து, எது எது என அறியாதவாறு பிறர் ஏற்றித் தரச் சுடுவது ஒரு முறை. போலித் தோட்டா வெடியாத நொடியில், கையும் தோளும் தாமே துள்ளுவதைச் சுடுவோனே கண்ணாரக் காண்பான். செலூஸை வாழ்நாள் முழுதும் தொடர்ந்த கலக்கம் இங்ஙனம் வெளிப்படும். பின்னர் உதைப்பு மிகக் குறைந்த .22 ரைபிளில் மீண்டும் தொடங்கிப் படிப்படியாக ஏறுவர்.

10. சம்பாவத்துப் பெண்புலி

இவை யாவும் வேட்டைக்காரனின் வசதி பற்றியன என ஒருவர் கருதக்கூடும். அங்ஙனம் அன்று என்பதற்குக் குமாவோன் மலைநாட்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகும்.

1907இல் ஜிம் கார்பெட் சம்பாவத் என்னும் ஊரருகே மனிதரைத் தின்னும் பெண்புலி ஒன்றைக் கொன்றார். நேபாளத்திலும் குமாவோனிலுமாக அது கொன்றோர் தொகை 436 என அவர் எழுதினார். புலி வீழ்ந்த பின் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்புறத்து மேல்கோரைப் பல்லும் கீழ்க்கோரைப் பல்லும் முறிந்திருந்தன. ஒன்று பாதியளவில், மற்றொன்று எலும்பு வரை. பழைய துப்பாக்கிக் காயம் அது. இயல்பான இரையைக் கொல்ல இயலாத நிலையே அப்புலியை மனிதரிடம் திருப்பியது என்பது அவர் கொண்ட முடிபு. 1944இல் வெளிவந்த அவரது நூலில் இச்செய்தி உள்ளது.

இதனை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பெயர் அறியப்படாத எவனோ ஒருவன், எக்கருவியாலோ, ஒரு நாள் ஒரு புலியைச் சுட்டான். குண்டு சில விரற்கடை தவறிற்று. அவன் வீடு சென்றான். அப்பிழைக்கு விலை கொடுத்தோர் விறகு பொறுக்கவும் புல்லறுக்கவும் காடு சென்ற மகளிர். ஆண்டுகள் பல கடந்தும் அவ்விலை தீரவில்லையெனில், குறி என்பது விளையாட்டுச் சொல் அன்று.

அப்புலியைக் கொன்றமைக்குப் பரிசாக ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்கு அளித்தது ரிக்பி செய்த .275 தாழ் ரைபிள். உதைப்பு மென்மையான, குறி செம்மையான கருவி அது. தவறிய குண்டால் விளைந்த கேட்டை நீக்கியவருக்குத் தவறாமையின் கருவியே பரிசாயிற்று. கொடுத்தோர் இப்பொருத்தத்தை எண்ணிக் கொடுத்தனர் என நாம் கூறவில்லை. வரலாறு நமக்குக் காட்டும் பொருத்தம் இது.

11. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன போதரும். குறியும் உதைப்பும் வெவ்வேறு குறைகள் அல்ல. உதைப்பு குண்டு வெளிப்படுமுன்னரே கருவியிலும் சுடுவோன் உடலிலும் தொழிற்படுகின்றது. பெருங்குண்டுகளின் காலத்தார் உதைப்பைத் தாங்குதலை வீரம் எனக் கொண்டு குறியை இழந்தனர். மவுசரின் பூட்டும் புகையற்ற மருந்தும் அவ்விழப்பை மீட்க வழி வகுத்தன. பிற்காலத்தார் செய்த பிசின் வார்ப்பு, விடுதலைக் குழல், திண்டு ஆகிய யாவும் உதைப்பை ஒரு நெறிப்படுத்தி ஒருமையை நாடும் முயற்சிகளே.

காட்டுமுயலைக் கொன்ற அம்பினும் யானையைத் தப்பிய வேலே ஏந்துதற்கு இனிது என்பது வள்ளுவர் கூறும் படைச்செருக்கு. அது போர்க்களத்து அறம். எதிர்த்து வரும் யானைமேல் வேலோச்சிய வீரனின் நெஞ்சுரத்தை அது போற்றுகின்றது. அவ்வறத்தை வேட்டைக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. வேட்டையில் தப்பிய படை, புண்பட்ட விலங்காகக் காட்டிலே உலவும். சம்பாவத்து மகளிர் அதனைக் கண்டனர்.

இந்திய நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பொழுதுபோக்கு வேட்டை முடிவுற்றது. பிற நாடுகளில் அது சட்டத்திற்குட்பட்டு நிகழ்கின்றது. எங்கு நிகழினும், தன் தோள் அஞ்சும் கருவியை ஏந்திக் காடு புகுவோன் பிழையைத் தன்னுடன் ஏந்திச் செல்கின்றான். குண்டு ஏன் பிறழ்கின்றது என்று கேட்ட இராபின்ஸின் உயிர் தேவனாம்பட்டினத்தில் பிரிந்தது. அவ்வினாவுக்கு உரிய விடையில் பாதி இயந்திரத்தில் உள்ளது. மறுபாதி அதனை ஏந்தும் மனிதனின் உடலிலும் பொறுப்பிலும் உள்ளது என்பதே நம் ஆய்வின் முடிபு.